டோன்யாவுக்கு ஒரு ஊடல் காட்சி இல்லையே

'டாக்டர் ஷிவாகோ' என்று யாராவது பேச்சை எடுத்தால் போதும், எங்கள் குடும்பம் இரண்டு கட்சியாகிவிடும். சித்திக்கு அந்தப் படம் என்றால் உயிர். பனிப்பரப்பு, ரயில், அந்த இசை, ஒமர் ஷெரிஃபின் ஈரம் மின்னும் கண்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். அக்கா ஒரே கேள்வியில் அதை நிறுத்துவாள். "கட்டின பொண்டாட்டி பிள்ளைத்தாச்சியா இருக்கிறப்ப இன்னொருத்தி வீட்டுக்குப் போறவனுக்காக நான் எதுக்கு சித்தி அழணும்?" சித்தி அசரமாட்டார். "நீ அவனையே பார்த்துக்கிட்டு இருக்காதடி. அவன் எதைப் பார்க்கிறான்னு பாரு" என்பார். வரலாறு படித்த என் நண்பர் ஒருவருக்கு இரண்டு பேர் சொல்வதும் ஏற்பில்லை. ரஷ்யப் புரட்சியை ஒரு காதல் ஜோடிக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை ஆக்கிவிட்டார்கள், அதற்கு மேல் அந்தப் படத்தில் பேச என்ன இருக்கிறது என்பது அவர் வாதம்.

சித்தி சொல்வதுதான் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய முறை என்று நான் நம்புகிறேன். நண்பரின் குற்றச்சாட்டுக்கு அதிலேயே பதில் இருக்கிறது. அக்காவின் குற்றச்சாட்டுக்குத்தான் இல்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

இந்தச் சண்டை நேற்று இன்று தொடங்கியதல்ல. 1965 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் படம் திரைக்கு வந்த நாளிலிருந்தே இருக்கிறது. மூன்று வருடம் முன்புதான் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வை எடுத்து டேவிட் லீன் உச்சத்தில் இருந்தார். அடுத்த படத்துக்கு எதிர்பார்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். நியூயார்க் விமர்சகர்கள் பலர் கைவிரித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய புரட்சியை ஒரு சோகக் காதலின் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள் என்பதுதான் 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி க்ரௌதரின் குறை. இன்னொரு அமெரிக்க விமர்சகரான பாலின் கேலுக்கும் படம் பிடிக்கவில்லை. மக்களோ திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் வசூல். பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் அங்கே என்றென்றைக்கும் அதிகம் வசூலித்த முதல் பத்துப் படங்களில் அதுவும் ஒன்று. 10 ஆஸ்கர் பரிந்துரைகளில் 5 விருதுகள் கிடைத்தன: திரைக்கதை, ஒளிப்பதிவு, கலை இயக்கம், உடை, இசை. பின்னாளிலும் அபிப்பிராயம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 1998-இல் வெளியிட்ட நூறு சிறந்த அமெரிக்கப் படங்களின் பட்டியலில் இதற்கு 39-ஆவது இடம். அதே பட்டியலை 2007-இல் புதுப்பித்தபோது படம் அதில் இல்லவே இல்லை.

லீனை இந்த விமர்சனங்கள் ஆழமாகவே காயப்படுத்தின. அடுத்து அவர் எடுத்த 'ரயான்ஸ் டாட்டர்' 1970-இல் வந்தபோது விமர்சகர்கள் இன்னும் கடுமையாகத் தாக்கினார்கள். அதற்குப் பிறகு 14 வருடம் அவர் ஒரு கதைப்படமும் வெளியிடவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூரி ஷிவாகோ மருத்துவன், கவிஞன். சிறுவயதில் பெற்றோரை இழந்தவனை ஒரு நல்ல குடும்பம் எடுத்து வளர்க்கிறது. அந்த வீட்டுப் பெண் டோன்யாவையே மணக்கிறான். முதல் உலகப் போரில், ராணுவ மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்க்கும் லாராவோடு பழக்கம் ஏற்படுகிறது. புரட்சி வருகிறது, உள்நாட்டுப் போர் வருகிறது, பசி வருகிறது. குடும்பம் யூரல் மலைப்பக்கம் வரிகினோ என்ற இடத்துக்கு ஓடுகிறது. பக்கத்து ஊரில் லாரா இருக்கிறாள். போரிஸ் பாஸ்டர்நாக்கின் இந்த நாவலை சோவியத் ஒன்றியம் வெளியிட மறுத்ததால் 1957-இல் இத்தாலியில்தான் முதலில் அச்சானது. மறுவருடம் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நெருக்குதல் தாங்காமல் அதை அவர் மறுக்க வேண்டியிருந்தது. 1960-இல் இறந்தார். சொந்த நாட்டில் நாவல் அச்சாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நாடே பயந்த புத்தகம். அதைப் படமாக்கும்போது காதலை முன்னால் வைத்தால் கோபம் வரத்தான் செய்யும், அதில் நண்பரைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் அவர் வாதத்தை நான் ஏற்கவில்லை. காரணம் ஒரு காட்சி.

இரவு. பனி மூடிய மாஸ்கோ தெரு. கொடிகளோடு, பாட்டோடு ஊர்வலம் வருகிறது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். தெருவின் மறுமுனையில் குதிரைப்படை வாளோடு காத்திருக்கிறது. யூரி வீட்டு மாடி முகப்பில் நின்று பார்க்கிறான். குதிரைகள் பாய்கின்றன. இந்த இடத்தில் எந்த இயக்குநரும் கேமராவைத் தெருவுக்குள் இறக்கி, வெட்டையும் குத்தையும் காட்டியிருப்பார். லீன் யூரியின் முகத்துக்கு வந்துவிடுகிறார். கீழே நடப்பதை நாம் காதால்தான் கேட்கிறோம். வாள் எங்கே இறங்குகிறது, யார் விழுகிறார்கள் என்பதெல்லாம் அவன் கண்ணில் ஓடும் அதிர்ச்சியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. அப்புறம் தெரு வெறிச்சோடிவிடுகிறது. பனியில் ரத்தம். காயம்பட்டவர்களுக்கு உதவ யூரி இறங்கி ஓடுகிறான், விரட்டிவிடுகிறார்கள்.

அதே இரவில், அதே ஊர்வலத்தின் பாட்டு ஒரு ஆடம்பர உணவகத்தின் ஜன்னல் வழியாகவும் கேட்கிறது. அங்கே லாரா, தன் அம்மாவின் காதலனான கொமரோவ்ஸ்கியோடு உட்கார்ந்திருக்கிறாள். வரலாறு இந்தப் படத்தில் எப்போதும் இப்படித்தான் வருகிறது, ஒரு ஜன்னலுக்கு அந்தப் பக்கமாக. வரிகினோவுக்குப் போகும் நீண்ட ரயில் பயணத்தில் அது சரக்குப் பெட்டியின் சின்னத் திறப்பு வழியாகத் தெரிகிறது. எரிந்துபோன கிராமம் வருகிறது, போகிறது. லாராவின் கணவனும் புரட்சிப் படைத் தளபதியுமான ஸ்ட்ரெல்னிகோவின் சிவப்புக் கொடி கட்டிய ராணுவ ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் அலறிக்கொண்டு கடந்துபோகிறது. யாரும் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. நண்பர் இதைத்தான் திரைச்சீலை என்கிறார். நான் இதை, வரலாற்றில் தன் பேச்சு எடுபடாத மனிதனுடைய பார்வை என்கிறேன். முடிவெடுப்பவர்களைப் பற்றி ஆயிரம் படங்கள் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டு, கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் வழியில்லாதவனை மூன்று மணி நேரத்துக்கு மேல் மையத்தில் வைக்கத் துணிச்சல் வேண்டும்.

புரட்சிக்காரர்களின் நியாயம் படத்தில் போதுமான அளவு இல்லை என்று அவர் சொன்னால், அதில் பாதியை ஒத்துக்கொள்வேன். ஆனால் முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. போர்முனையிலிருந்து திரும்பி நடந்துவரும் சிப்பாய்களும், அதே முனைக்குப் புதிதாக அனுப்பப்படும் சிப்பாய்களும் பாதையில் எதிரெதிரே சந்திக்கும் காட்சி இருக்கிறதே, அந்தச் சில நிமிடங்களில் ஒரு ராணுவம் எப்படிச் சரிகிறது என்று லீன் காட்டிவிடுகிறார். அதே லீன், சிவப்புப் படை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தியவர்கள் ராணுவப் பள்ளி மாணவர்கள், மீசை முளைக்காத பையன்கள் என்று பின்னர் வயல் நடுவே காட்டுகிறார். இரண்டையும் காட்டிய படத்தை 'அரசியல் தெரியாத படம்' என்று ஒதுக்குவது நியாயமில்லை.

யூரி எதுவுமே செய்வதில்லை, பொம்மை மாதிரி பார்த்துக்கொண்டே நிற்கிறான் என்ற புகாரும் அன்றிலிருந்து இருக்கிறது. அது திட்டமிட்டே செய்தது. சுற்றியிருப்பவர்கள் நடிக்கட்டும், நீ எதையும் வெளிக்காட்டாதே என்று லீன் தன்னிடம் கேட்டதாக, யூரியாக நடித்த ஒமர் ஷெரிஃப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் சாதாரண ஆட்களா? ராட் ஸ்டைகர், ஜூலி கிறிஸ்டி, டாம் கோர்ட்னி, ரால்ஃப் ரிச்சர்ட்சன், அலெக் கின்னஸ். அவர்களுக்கு நடுவில் மூன்று மணி நேரம் 'செய்யாமல்' இருப்பது எளிதான வேலையில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது மனதில் நிற்பது அந்த முகம்தான்.

இங்கே எனக்கே ஒரு மனக்குறை உண்டு. யூரி கவிஞன் என்று படம் முழுக்கச் சொல்கிறார்கள். அவனுடைய கவிதையில் ஒரு வரிகூட நம் காதில் விழுவதில்லை. நாவலின் கடைசிப் பகுதியாக 25 கவிதைகளை வைத்திருக்கிறார் பாஸ்டர்நாக். அவற்றுக்காகத்தான் அந்த வாழ்க்கையே என்பதுபோல அவை அங்கே இருக்கின்றன. லீன் அதற்குப் பதிலாகக் காட்சிகளை நம்பினார். போர் மருத்துவமனையை விட்டு லாரா போனதும் மேசை மேலிருக்கும் சூரியகாந்தியின் இதழ்கள் உதிர்கின்றன. கண்ணாடியில் பூத்த உறைபனி கரைந்து, திரை முழுக்க மஞ்சள் பூக்கள் விரிகின்றன. அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வரிகினோவில் நள்ளிரவில், வெளியே ஓநாய்கள் ஊளையிட, விரல் விறைக்க எழுதுகிறானே, அந்தத் தாளில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அந்த இடத்தில் மாரிஸ் ஜாரின் இசை வந்து நிரப்பிக்கொள்கிறது. லாராவுக்கான அந்த மெட்டு அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது என்பவர்களோடு இந்த ஒரு இடத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன். மற்றபடி அந்த இசையை விட்டுக்கொடுக்க மாட்டேன். பலலைக்கா என்ற ரஷ்யத் தந்தி வாத்தியத்தை வாசிக்க ஆள் தேடிய ஜார், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ரஷ்யத் திருச்சபையைச் சேர்ந்த கலைஞர்களைக் கண்டுபிடித்தார். அவர்களுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அதனால் மெட்டைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து வாசித்தார்கள். அந்தத் தந்திகளின் நடுக்கத்தில் அது கேட்கவும் கேட்கிறது.

'ரொம்ப அழகாக இருக்கிறது, அதனால் பொய்' என்று ஒரு கட்சி. எனக்கு இதில் பொறுமை குறைவு. சோவியத் ஒன்றியத்தில் எடுக்க முடியாத படத்தை ஸ்பெயினில் எடுத்தார்கள். மாஸ்கோ தெருக்களை மாட்ரிட் அருகே கட்டினார்கள். குளிர்காலத்தில் எதிர்பார்த்த பனி விழவில்லை. பளிங்குத் தூளையும் வெள்ளைப் பிளாஸ்டிக்கையும் பரப்பிப் பனியாக்கினார்கள். உண்மையான பனிக்காகச் சில காட்சிகளைப் பின்லாந்தில் எடுத்தார்கள். வரிகினோவின் அந்தப் பனி மாளிகையில் உறைபனியாகத் தெரிவது தேன்மெழுகு. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங்கும் கலை இயக்குநர் ஜான் பாக்ஸும் இத்தனை பாடுபட்டது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்பதற்கு மட்டும்தான் என்று நினைத்தால் அந்த மாளிகைக் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். நாற்காலி, படிக்கட்டு, சன்னல் எல்லாம் உறைந்து மின்னுகின்றன. அங்கே மனிதர் வாழ முடியாது. அந்தக் காதலுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே இடம் அதுதான் என்று அந்த அறையே சொல்லிவிடுகிறது. அழகும் ஆபத்தும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன. அதில் எதைப் பொய் என்பது?

லாராவையும் கொமரோவ்ஸ்கியையும் இன்றைய பார்வையாளர்கள், முக்கியமாக இளம்பெண்கள், வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். பார்க்கவும் வேண்டும். 17 வயதுப் பெண்ணை அம்மாவின் காதலன் தன் வழிக்குக் கொண்டுவருகிறான். வன்முறையும் நடக்கிறது. அவளுக்கும் இதில் சம்மதம்தான் என்று அவன் தானே தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறான். 1965-இல் இதைக் 'கவர்ச்சியான வில்லன்' என்று எழுதியவர்கள் இருந்திருக்கலாம். படம் அப்படிப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். லாரா கையில் துப்பாக்கியோடு கிறிஸ்துமஸ் விருந்துக்குள் நுழைந்து அவனைச் சுடுகிறாள். அந்தக் கூட்டத்திலேயே, அவள் செய்தது சரி என்ற உணர்வு நமக்கு வந்துவிடுகிறது. அவளுடைய கோபத்துக்குப் படம் ஒரு முழுக் காட்சியைக் கொடுத்திருக்கிறது.

டோன்யாவுக்கு அந்தக் காட்சி இல்லை. அக்கா சொல்வது இதைத்தான்.

ஜெரால்டின் சாப்ளின் அந்தப் பாத்திரத்தில் எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார்! பாரிஸிலிருந்து இளஞ்சிவப்பு உடையில் ரயிலைவிட்டு இறங்கும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதே பெண், வீடு பறிபோய், பனியில் சரக்குப் பெட்டியில் குழந்தையை அணைத்துக்கொண்டு, வரிகினோவில் மண்ணைக் கொத்திக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். எந்தச் சுமைக்கும் முகம் சுளிக்காமல் இருக்கிறாள். படம் அவளை மதிக்கிறது, நேசிக்கிறது, ஆனால் பேசவிடுவதில்லை. யூரி, செஞ்சேனைக் கொரில்லாக்கள் பிடித்துக்கொண்டுபோன இடத்திலிருந்து தப்பி, பனியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறான். அதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். கடிதம்தான் வருகிறது. லாரா நல்லவள் என்பதைக்கூட அவளே ஒத்துக்கொள்கிறாள். நாவலில் அந்தக் கடிதம் நீளமானது, தாங்க முடியாதது. நான் உன்னை நேசிக்கிறேன், நீ என்னை நேசிக்கவில்லை, துயரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அங்கே நேராகவே எழுதிவிடுகிறாள். படத்தில் கடிதம் சுருங்கிப்போகிறது. படிக்கிறவனின் வேதனை பெரிதாகத் தெரிகிறது, எழுதியவளின் வேதனை தெரியவில்லை.

நம் அகப்பாட்டில் மருதம் என்று ஒரு திணையே இதற்கு இருக்கிறது. பரத்தையிடம் போய்விட்டுத் தலைவன் திரும்பி வருகிறான். பாணனைத் தூது அனுப்புகிறான். தலைவி உள்ளே விடமாட்டாள், தோழி வாசலிலேயே நின்று வாயில் மறுப்பாள். லாராவைப் பரத்தை என்று நான் சொல்லவில்லை, அவள் காதலும் உண்மையான காதல்தான். நான் சொல்ல வருவது அந்தத் தலைவியைப் பற்றி. அவள் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. உன் மார்பில் யார் மாலையின் வாசம் என்று கேட்கிறாள். மகனைக் காட்டிப் பேசுகிறாள். அவள் பேசுவதால் தலைவனுக்கும் அந்தக் காதலுக்கும் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. மனைவியின் கோபமும் காதல் பாட்டுதான் என்று நம் புலவர்கள் நினைத்தார்கள். அதைக் கூடலுக்கும் பிரிவுக்கும் சமமாக உட்கார வைத்தார்கள். 'டாக்டர் ஷிவாகோ' என்ற இவ்வளவு பெரிய அகப்பாட்டில் குறிஞ்சி இருக்கிறது, பாலை ஏராளமாக இருக்கிறது. மருதம் இல்லை.

பாஸ்டர்நாக்கின் சொந்த வாழ்க்கையிலும் இந்தக் கேள்வி இருந்தது. மனைவி ஜினைடா ஒரு வீட்டில், லாராவின் சாயல் என்று சொல்லப்படும் ஓல்கா இவின்ஸ்கயா இன்னொரு வீட்டில். ஓல்காவை 1949-இல் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். பாஸ்டர்நாக் இறந்ததும் 1960-இல் மறுபடி கைது செய்தார்கள். அவரைத் தொடத் தயங்கிய அரசு அந்தப் பெண்ணைப் பிடித்து வாட்டியது. ஒரு ஆணின் காதலுக்கு இரண்டு பெண்கள் எவ்வளவு விலை கொடுத்தார்கள் என்பது நாவலை எழுதியவருக்குத் தெரியாததல்ல. டோன்யாவின் அந்த நீண்ட கடிதம் அவர் கையிலிருந்துதானே வந்தது.

இதை எல்லாம் சித்தியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ கோபப்பட்டிருந்தா படம் அங்கேயே முடிஞ்சிருக்கும்பா. அப்புறம் அந்த ரெண்டு பேருக்காக யார் அழுவா?" என்றார். அக்கா சட்டென்று, "அதைத்தானே சித்தி நானும் சொல்றேன்" என்றாள்.

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படவில்லை. டோன்யா கோபப்பட்டிருந்தாலும் படம் நின்றிருக்கும். கடைசியில் கொமரோவ்ஸ்கி குடித்துவிட்டு வந்து, விரட்டப்பட்டு, படிக்கட்டில் நின்று யூரியையும் லாராவையும் பார்த்துக் கத்துகிறானே, நீங்கள் மட்டும் தூய்மையானவர்களா, நாம் எல்லோரும் ஒரே மண்ணால் ஆனவர்கள்தான் என்று, அந்த வார்த்தைகளையே அந்தக் காதல் தாங்கிக்கொள்கிறது. நமக்கு அவர்கள் மேல் இருக்கும் பிரியம் ஒரு துளியும் குறைவதில்லை. கொஞ்சம் ஆழம்கூடக் கூடுகிறது. கேட்கத் தகுதியே இல்லாதவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இடம் கொடுத்த படம், கேட்க எல்லா உரிமையும் உள்ளவளுக்கு அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கலாம். ஜெரால்டின் சாப்ளினுக்கு அது போதும்.